கோசு கருக ஒரு சண்டை

தோசைக்கல்லில் எண்ணெய் லேசாகப் புகைந்ததும், விரல் தடிமனில் வட்டமாக அரிந்த முட்டைக்கோஸை நாலு துண்டு கிடத்திவிட்டு, தனசீலன் கோவண்டியில் இருக்கும் மைத்துனன் ஜாபெஸுக்குப் போன் போடுகிறார். சுகம் விசாரிக்க அல்ல, சண்டை போட.

"ஏல, பதினாறுன்னு நான் சொன்னனா, பதினேழுன்னு சொன்னனா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

பிற்பகல் இரண்டே முக்கால். சயானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கும் மனைவி லூசியம்மாள் மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். அதற்குள் சண்டை சூடு பிடித்து, கோசு கருகியாக வேண்டும். கருகாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.

விஷயம் விளங்க வேண்டுமானால் தனசீலனின் வலது கையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தாராவியில் சட்டை தைக்கிற ஒரு கார்கானாவில் இருபத்தாறு வருஷமாக அது இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிவருகிறது. "துணி மேல பெட்டி நின்னுச்சுன்னா, அந்தக் கார்கானாவுல நாம நிக்க முடியாது" என்பார். இத்தனை ஆண்டில் அவர் கருக்கியது ஒரே ஒரு சட்டை. கிளிப்பச்சை, நாற்பத்திரண்டு சைஸ். சொந்த மகளின் பிறந்த தேதியில் தடுமாறுவார். அந்தச் சட்டையின் தேதியில் தடுமாற மாட்டார். சூட்டின்மேல் எதையும் சும்மா கிடக்க விடாத கை. தட்டில் விழுந்த சுடுசோற்றைக்கூட இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒருமுறை நீவிவிட்டுத்தான் முதல் கவளம் எடுப்பார்.

போன மாதம் லூசியம்மாளுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "எத வாயில வச்சாலும் மண்ணாட்டம் இருக்கு" என்று கஞ்சியை நகர்த்திவைத்தாள். லீவு தீர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்தும் நகர்த்துவது நிற்கவில்லை. ரவிக்கைக் கை தொளதொளத்து, ஒரு சேஃப்டி பின் குத்தினாள். அப்புறம் இரண்டாவது பின். தனசீலன் மாட்டுங்கா வரை போய் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் வாங்கிவந்தார். அவற்றை அவரே தின்று தீர்த்தார். அவள் மூன்றாவது பின்னுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு நாள் கார்கானாவின் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து, கோசை வதக்குவோம் என்று கல்லில் போட்ட நேரம், போன் அடித்தது. ஜாபெஸ். இரண்டு வருஷப் பேச்சுவார்த்தையின்மைக்குப் பிறகு முதல் அழைப்பு.

"அக்காவுக்குக் காய்ச்சலாமே, ஒரு வார்த்த சொல்லப்படாதா அத்தான்?"

"அசனத்துக்குத் தேதி மாத்தி டிக்கெட் எடுத்தவன்கிட்ட என்னத்தல சொல்லச் சொல்லுத?"

இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்க் கோயிலில் அசனம், அதாவது ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, பதினாறாம் தேதி. ஜாபெஸ் எடுத்த டிக்கெட்டில் இரண்டு குடும்பமும் ஒன்றரை நாள் ரயிலில் கிடந்து, பஸ் மாறி, பதினேழாம் தேதி காலையில் போய் இறங்கியபோது அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். தேதியை யார் தப்பாகச் சொன்னது என்பது இன்றுவரை தீராத வழக்கு. அந்த வழக்கு போனில் மறுவிசாரணைக்கு வந்ததில் தனசீலன் கல்லை மறந்தே போனார். புகை மூக்கில் ஏறியபோது கோசின் ஒரு பக்கம் இஸ்திரி தின்ற சட்டை மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் திருப்பிப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, குற்றவாளியாகப் பரிமாறினார். லூசியம்மாள் ஒரு துண்டைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாள். மறு துண்டு. மறு கிண்ணம்.

"இதுல என்ன போட்டீய?"

"ஒண்ணும் போடலயே" என்றார். உண்மை அதுதான்.

மறுநாள் அதே கோசு, அதே எண்ணெய், அதே கல். வெந்த காகிதம் போல வந்தது; அவள் நகர்த்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்வீட்டி, மொபைலில் ஏழு நிமிட அலாரம் வைத்துக்கொண்டு காவல் நின்றாள். ஒன்றரை நிமிடத்தில் கரண்டி உள்ளே போயிற்று. "டாடி, ஹாத் மத் லகாவோ! கை வைக்காத, அப்டியே விடு!" என்று கரண்டியைப் பிடுங்கினாள். தனசீலன் கல்லையே பிடித்து ஆட்டினார். மற்ற நாளில் அவளே செய்துவிடலாம் என்றால், அந்த நேரத்தில் அவளுக்குக் கல்லூரி.

தனசீலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கருகினால் தப்பு என்று முதலாளி சேட்டிடம் இருபத்தாறு வருஷம் பாடம் கேட்டவர், கருகாததுதான் தப்பு என்றால் எந்தப் பக்கம் திரும்புவார்? "அப்ப அந்தக் கிளிப்பச்ச சட்ட நல்லா இருந்துச்சா, இல்லையா?" என்று மகளையே கேட்டார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நாலாம் நாள்தான் மூளையில் பொறி தட்டியது. அன்றைக்குக் கோசைக் கருக்கியது நெருப்பல்ல, ஜாபெஸ். உடனே போன் போட்டார். அன்று முதல் எட்டு நாளாகத் தினமும் ஒரு சண்டை. முதலில் தேதி, பிறகு மூட்டுவலிக்காரனான அவருக்கு மேல் பெர்த் வந்த கதை, கடைசியில் அண்டா. அண்டாவுக்கு வரும்போது புகையும் வரும். "வைக்கேன்ல" என்று வாக்கியத்தின் பாதியில் துண்டித்துவிடுவார். அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று ஜாபெஸ் வீட்டில் தனியாக ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே லூசியம்மாள் ஒரு பின்னைக் கழற்றியிருந்தாள்.

ஒன்பதாம் நாளான இன்று ஜாபெஸ் குரல் தணிந்து வந்தது.

"அத்தான், நான் யோசிச்சுப் பாத்தேன். நீங்க பதினாறுன்னுதான் சொன்னிய. தப்பு எம்மேலதான்."

தனசீலன் கல்லைப் பார்த்தார். கோசு வெள்ளைவெளேர் என்று கிடந்தது.

"ஏல, இப்ப எதுக்குல ஒத்துக்கிடுத?"

"மனசு உறுத்துது அத்தான்."

"நாளைக்கு உறுத்தட்டும். சரி, அந்த மேல் பெர்த்து?"

"அதுவும் என் தப்புதான்."

"அண்டா?"

"அதுவும்."

தனசீலனுக்கு வியர்த்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சேட்டும் அவரை இப்படிக் கைவிட்டதில்லை. "உம்மேல ஒரு தப்பும் இல்லல! தேதியை மாத்திச் சொன்னவன் நான்!" என்று கத்தினார்.

"அதெப்படி அத்தான்? டிக்கெட் எடுத்தவன் நான்லா?"

"சொன்னவன் நாந்தாங்கேன்! பெரியவன் சொன்னா கேக்கமாட்டியோ?"

"நீங்க எப்பவும் இப்படித்தான்! ஒருத்தன் மன்னிப்புக் கேட்டாக்கூட விடமாட்டிய!"

ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்பைக் கழற்றாமல் லூசியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பெயர்கூட உச்சரிக்கப்படாத தம்பியின் குரல் போனிலிருந்து சிதறி விழுந்துகொண்டிருந்தது.

"அது கிடக்கட்டும் அத்தான்" என்றது போன், சட்டென்று. "அக்கா இப்ப சாப்பிடுதாளா?"

தனசீலனுக்கு அப்போதுதான் கோசு ஞாபகம் வந்தது. கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. லூசியம்மாள் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்லிலிருந்து நன்றாகப் புகை எழும்பிய பிறகும் விடவில்லை.