கோர்ஃபக்கானில் மஞ்சள் மிதவை வரை

நம்மூர்ப் பெண்களுக்குக் கடல் கணுக்கால் வரைதான். இருபத்தேழு வயது வரை நானும் அப்படித்தான். இந்த ஆண்டு அஜ்மானில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் மூன்று மாதம் தண்ணீர் குடித்தபின், கடலில் கால் எட்டாத ஆழத்தில் தனியாக நீந்திப் பார்க்கும் ஆசை வந்தது. டிசம்பர் மாத ஞாயிறு ஒன்றில் அறைத்தோழி ரஜனியுடன் கோர்ஃபக்கான் கிளம்பினேன்.

ஷார்ஜாவிலிருந்து காலை 7.30க்குப் பேருந்து, ஆளுக்கு 27 திர்ஹாம். மலைகளைக் குடைந்த சாலையில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 9.20க்கு இறங்கினோம். பிறைபோல வளைந்த கரை, பின்னால் மொட்டை மலைகள், ஏரிபோல அடங்கிய கடல். குடைக்கும் இரண்டு சாய்வு நாற்காலிகளுக்கும் 50 திர்ஹாம். ஒரு நாவலுடன் பதினொரு மணி வரை சும்மா கிடந்தேன். அதற்காகவே இங்கே வரலாம்.

கரையிலிருந்து அறுபது மீட்டரில் மஞ்சள் மிதவைகள் கோத்த கயிறு. அதைத் தொட்டுத் திரும்புவதுதான் திட்டம். கடற்கரைக் காவலர் நாகர்கோவில்காரர். "கயித்தத் தாண்டிராதீங்க, கேட்டியளா?" என்றார்.

பாதி தூரம் நன்றாகவே போனது. பிறகு என் பருத்திச் சுடிதார் ஊறிக் கனத்து, கால்களைச் சுற்றிக்கொண்டது. பயந்து திரும்பிவிட்டேன். மணலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது.

ரஜனி திருகோணமலைக்காரி. இரக்கமெல்லாம் காட்டவில்லை.

"என்னடி, கலியாண வீட்டுக்கே வெளிக்கிட்டனீ? இவ்வளவு துணியோட மீனும் நீந்தாது. இந்தா, என்ர ஜிம் உடுப்பைப் போட்டுட்டுப் போ."

"அப்ப நீ?"

"நான் படுத்துக் கிடக்கத்தான் வந்தனான். போடி!"

உடை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன். எண்ணிக்கொண்டே நீந்தினேன். எழுபத்திரண்டாவது கைவீச்சில் விரல்களில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டது. காலை நீட்டித் துழாவினேன். தரை இல்லை. மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு நேரே வானம். கரையில் ரஜனி துண்டைச் சுழற்றியபடி கத்துவது மங்கலாகக் கேட்டது: "ஹலாஸ்! போதும், வாடி, பசிக்குது!"

அன்று சாப்பிட்ட எலுமிச்சைச் சோறுபோல இதுவரை சாப்பிட்டதில்லை.

போகிறவர்களுக்கு: பருத்தி வேண்டவே வேண்டாம். முழுக்கை நைலான் நீச்சலுடை சத்வா கடைத்தெருவில் 70 திர்ஹாமுக்குக் கிடைக்கிறது; மறுநாளே வாங்கிவிட்டேன். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் 5.30 வண்டியில் வந்தோம்.

கடலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கால் எட்டாத இடத்தில் பாதத்தின் கீழ் மட்டும் தண்ணீர் அவ்வளவு குளிரும் என்று எதிலும் படித்த நினைவில்லை.

என் படத்தை நான் இந்த வலைப்பதிவில் போடுவதில்லை. இன்று, ரஜனி கரையிலிருந்து எடுத்த ஒன்றைப் போட்டிருக்கிறேன். மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதா? நான்தான்.