லா ஷப்பலில் ஒரு முடிச்சுக் கயிறு

எழுத்தில்லாத தென்னமெரிக்க இன்காக்கள் எப்படிப் பாடம் நடத்தினார்கள் என்று பல ஆண்டுகளாகக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்துக்குப் பதிலாகக் கணக்கையும் செய்தியையும் முடிச்சிட்டு வைத்த அவர்களுடைய கயிறு ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதற்காகவே 1986 நவம்பரில் பாரிஸ் போனேன். விடுதி கட்டுப்படியாகவில்லை. லா ஷப்பலை அடுத்த மார்க்ஸ் டோர்முவா பக்கம், மன்னாரிலிருந்து வந்த ரெஜினா, சேவியர் தம்பதியின் வீட்டில் அறை கிடைத்தது. இரவுக்கு அறுபது பிராங்க். ஜன்னலைத் திறந்தால் ஈரச் சுவர். வாரம் முழுக்க மழை.

லா ஷப்பலில் இரண்டாம் எண் மெட்ரோ ஏறி, எத்துவாலில் ஆறாம் எண்ணுக்கு மாறினால் கயிறு இருக்கும் மியூசியத்துக்கு நாற்பது நிமிடம். சீட்டைப் பத்தாக வாங்குங்கள், மலிவு. கயிறு மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது: தடித்த வடம், அதில் தொங்கும் பழுப்புச் சரடுகள், முடிச்சுகள். இன்காத் தலைநகர் குஸ்கோவில் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு நான்காண்டுப் பள்ளி இருந்ததென்றும், மூன்றாம் ஆண்டில் முடிச்சும் நான்காம் ஆண்டில் வரலாறும் கற்றார்களென்றும் பெட்டியருகே இருந்த விளக்க அட்டை சொன்னது. ஸ்பானியர் வந்தபிறகு எழுதப்பட்ட செய்தி அது. ஐரோப்பியக் கல்லூரியின் கால அட்டவணை போலிருப்பதால் நான் முழுக்க நம்புவதில்லை. ஆனால் முடிச்சைப் படிக்கத் தெரிந்த முடிச்சுக்காரர்கள் கயிற்றைத் தடவியபடி ஸ்பானிய நீதிமன்றங்களில் மாறாமல் சாட்சி சொன்னதை நம்பலாம், அது பதிவாகியிருக்கிறது.

அன்று மாலை திரும்பியபோது சேவியர் சமையலறையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். சொன்னது செபமல்ல. மறுநாள் அவருக்கு அகதி விசாரணை, இரண்டாவதும் கடைசியும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சம்பவம் வைத்திருந்தார்: இராணுவச் சுற்றிவளைப்பு, தம்பியைக் கொண்டுபோனது, முகாம், தப்பிவந்த வள்ளம். முதல் விசாரணைக்கும் இப்படித்தான் மனப்பாடம் செய்தாராம். ஒரு சொல் மாறினாலும் பொய் என்பார்கள் என்று கடைத்தெருவில் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள்.

நடுவிலிருந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"ஏன் ரீச்சர் நடுவிலை கேக்கினம்? முதல்லையிருந்து கேட்டால்தானே விளங்கும்."

"பூசையிலை நித்திரை கொள்ளுற மனுசன், இதை மட்டும் பிழையில்லாமல் சொல்லுது," என்றார் ரெஜினா, வெங்காயம் அரிந்தபடி.

மறுநாள் பிற்பகல் அவர் வந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அதிகாரி எடுத்தவுடன் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் முதல் மணியிலிருந்து தொடங்கியிருக்கிறார். அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டாராம்.

"ஒரு சொல்லும் மாத்தேல்லை ரீச்சர். அதுதான் பிழையாம். கண்டதைச் சொல்லுறவன் முன்னைபின்னைதான் சொல்லுவானாம்."

ரெஜினா அடுப்பை அணைத்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

சேவியர் சொன்னதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. முடிச்சுக்காரர் ஒரே மாதிரி சொன்னதுதான் நீதிமன்றத்தில் அவருக்கு மதிப்பைத் தந்தது. சேவியருக்கு அதுவே வினையாயிற்று.

போகிறவர்கள் நவம்பரைத் தவிருங்கள். செவ்வாய்க்கிழமை மியூசியம் மூடியிருக்கும். அட்டையைப் படித்தால், எழுதியவர் யார் என்றும் கேளுங்கள். அந்த அறை இப்போது வாடகைக்கு இல்லை. மறுப்பு வந்தபின் இருவரும் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை நாளுக்கோ. சேவியர் செபமாலையைத் தொடுவதில்லை என்று ரெஜினா தொலைபேசியில் சொன்னார். தொட்டால் முதல் மணியிலேயே சுற்றிவளைப்பு வந்துவிடுகிறதாம்.