ஆள் ஏறாத ஸ்டேஷன்

எங்கள் ஸ்டேஷனின் வரலாற்றை எழுதும் வேலையைக் காலனி சங்கத்தார் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூடிக்கிடப்பதை மறுபடி திறக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டுமாம். பிளாட்பாரத்தில் முள் மண்டிவிட்டது, ரயில்கள் நிற்காமல் போகின்றன. தினமும் தாம்பரம் வரை ஷேர் ஆட்டோவில் இடிபட்டு எனக்கு முதுகே போய்விட்டது.

வரலாறு என்ன பெரிய வரலாறு. தாம்பரத்தில் கிளம்பும் ரயில் எங்களிடம் வரும்போதே நிரம்பி வழியும். அதனால் எதிர்த்திசை வண்டியில் ஏறித் தாம்பரம் போவோம். அங்கே காலி வண்டியில் இடம் பிடித்து, எங்கள் ஸ்டேஷனைத் தாண்டியே வேலைக்குப் போவோம். அதற்குத் தாம்பரம் சீசன் டிக்கெட் வேண்டும், அதை அங்கேயே வாங்கிக்கொண்டோம். காலனி மொத்தமும் அப்படித்தான். மகா கெட்டிக்காரர்கள் நாங்கள்.

எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்து அக்கா. சம்பளம் கிடையாது, விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன் மட்டும்தான்.

"நான் ஒருத்தி இங்க குந்திகினு கீறேன். எங்கிட்ட வாங்கினா இன்னா சார்?" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்பார்.

"அடுத்த மாசம்க்கா" என்று நழுவிவிடுவேன். அப்படியே பல வருஷம் ஓடிப்போனது.

ஸ்டேஷனை மூடியபோது ஆளாளுக்குக் குதித்தோம். போன வாரம் மனுவோடு போனபோதுதான் விஷயம் புரிந்தது. "டிக்கெட் வித்த ரெக்கார்டுபடி உங்க ஸ்டேஷன்ல யாரும் ஏறவே இல்லையே சார்" என்றார் அதிகாரி, பொறுமையாக. பிதுங்கி வழிந்த அத்தனை காலைகளும் எங்கள் பையிலிருந்த சீசனோடு தாம்பரத்துக் கணக்கில் போய்விட்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர்க்காரர்களின் கையெழுத்தையாவது வாங்கி வரச் சொன்னார்.

அக்கா இப்போது முடிச்சூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு கூட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் மனுவை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"தொறந்தா கவுண்டர் எனக்குத்தான சார்?"

இப்போது எல்லோரும் போனிலேயே டிக்கெட் எடுக்கிறோம். அதைச் சொல்லத் தெம்பில்லை. "உங்களுக்குத்தான்க்கா" என்றேன்.

அந்தக் கவுண்டரில் டிக்கெட் வாங்க நான் ஒரு நாள்கூட நின்றதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்ப சார்" என்றார்.