வலது தோளில் மூன்று தட்டு

இதைக் கதை என்று நினைத்துப் படித்தால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். அப்படியே படித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது என் கூடப்பிறந்த அக்காவுக்கு. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பதினோரு வருஷமாக ஊரார் எலும்பைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். பேய் என்று யாராவது வாயெடுத்தால், "எந்த இடத்துல வலிக்குது, அதைச் சொல்லுங்க" என்று கேட்கிற ரகம். அவள் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் சேர்த்தது ஒரு வரிகூடக் கிடையாது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன், ஆனால் பைக் பைத்தியம். குளிர்காலம் வந்தால் ஊரே கம்பளிக்குள் முடங்கும். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையாகத் தேடிப் பிடித்து, நான்கைந்து நாள் பைக்கிலேயே சுற்றிவிட்டு மூக்கு ஒழுக வீடு திரும்புவார்கள். என்ன சுகமோ, அவர்களுக்கே வெளிச்சம்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அக்கா இறங்கியிருக்கிறாள். மாமா அதைக் கவனிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான்கு கிலோமீட்டர்! போகிற வழியெல்லாம் தன் மேனேஜரைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறார். பின்னால் 'ம்' கொட்ட ஆள் இல்லை என்பதுகூடத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை கட்டாயம் வரும். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஒரே ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அந்தப் பத்து நிமிஷத்துல, இவர் திரும்பி வருவாரான்னு ஒரு சந்தேகம் வந்துச்சுடா. இன்னும் போகல."

அதற்குப் பிறகு வந்ததுதான் தட்டு. அக்கா ஏறி உட்கார்ந்து, மாமாவின் வலது தோளில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்த மூன்று தட்டு விழாமல் வண்டி நகராது. ஓடும்போது காற்றில் பேச்சு கேட்காது என்பதால், மாமா கத்திக் கேட்கிற கேள்விக்கு ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. ஒன்பது வருஷமாக இதில் ஒரு தப்பு நடந்ததில்லை. தட்டி முடித்ததும் அக்கா இரண்டு கையையும் மாமாவின் ஜாக்கெட் பைகளுக்குள் விட்டுக்கொள்வாள். குளிருக்கு அதுதான் இதம்.

போன குளிர்காலம். பயணத்தின் மூன்றாம் நாள்.

முப்பத்திரண்டு கிலோமீட்டர் இறக்கம். வளைவு முடிகிற இடத்தில் அடுத்த வளைவு. பாதையின் மேல் முனையில் ஒரு செக்போஸ்ட், கீழ் முனையில் ஒன்று. பனிக்காலத்தில் சாயங்காலம் ஐந்தரைக்குப் பாதையை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தலை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அதனால் வண்டி நம்பர், போன் நம்பர், எத்தனை பேர், எல்லாம் எழுதிக்கொள்வார்கள்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

மணி 3.20.

முதல் முக்கால் மணி நேரம் அருமையாகப் போனது. நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். 4.05க்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. 4.09க்கு ஒரு பழைய பஸ் நிழற்குடை தெரிந்தது. அக்கா மாமாவின் முதுகில் ஒரு குத்து குத்தினாள். அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம்.

"ரெண்டு நிமிஷம். ஒதுங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டேன். இந்தக் குளிர்ல திரும்பக் கிளம்பாது."

நிழற்குடைக்கு மூன்று பக்கம் சுவர், உள்ளே ஒரு கல் பெஞ்சு. கூரை நன்றாகத்தான் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் பெஞ்சின் நடுவில் மட்டும் ஈரம்... யாரோ நனைந்த துணியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்த மாதிரி. அக்கா பார்த்தாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பின்பக்கம் போனாள்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

கியர் விழுகிற சத்தம்.

ஓடி வந்தாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு பனிக்குள் மங்கிக்கொண்டே போனது. "ஏங்க!" என்று கத்தினாள். மறுபடியும் மறந்துவிட்டார் மனுஷன் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆத்திரம் ஒரு நொடிதான் இருந்தது.

அவள் உட்காருகிற இடம் காலியாக இல்லை.

தலையில் துணி போர்த்திய ஒரு உருவம். மாமாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதன் இரண்டு கையும் மாமாவின் ஜாக்கெட் பைகளுக்குள் இருந்தன.

வளைவு வந்தது. விளக்கு மறைந்தது. சத்தமும் தேய்ந்து நின்றது.

மணி 4.13.

பிரமையா? பனி அப்படிக் காட்டியதா? அக்கா திரும்பி நிழற்குடையைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து ரோடு வரைக்கும் ஈரமான காலடிகள். வெறும் கால். ரோட்டை நோக்கி மட்டும் போயிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை.

போனை எடுத்தாள். ஒரே ஒரு கோடு சிக்னல். 4.17க்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. 4.21. எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன்னை விட்டுவிட்டுப் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த வளைவுகளில், அந்தப் பனியில், அதைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். திரும்பி வருவாரா என்ற அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை வேறு விதமாக.

4.26. மூன்றாவது தடவை கூப்பிட்டாள். இரண்டு மணி அடித்துக் கட் ஆனது.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

காற்றுகூட இல்லை.

4.41...

கீழேயிருந்து இன்ஜின் சத்தம். நம் வண்டிதானா? அக்கா சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஹெட்லைட் வந்தது. நின்றது. மாமா. தனியாக. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏறு."

"யாருங்க அது?"

"ஏறும்மா. அப்புறம் சொல்றேன்."

ஏறினாள். மூன்று தட்டு தட்டினாள். வண்டி கிளம்பியது.

இங்கேதான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு உட்கார இடம் போதவில்லையாம். பின்னால் கட்டியிருந்த பை முதுகில் குத்தியது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க!"

"டேங்க் மேலதான் உக்காந்திருக்கேன்!"

பயத்தில் அவர் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டாள். ஜாக்கெட் பையைத் தேடினாள். கைக்கு அகப்படவில்லை. சரி என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜாக்கெட் சொதசொதவென்று நனைந்திருந்தது. பனியில் நனைந்திருக்கும் என்று நினைத்தாள். கன்னத்தை முதுகில் சாய்த்தாள். முதுகு ஐஸ் மாதிரி இருந்தது.

இன்னொன்று. பின்னால் உட்கார்ந்து போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். இருபது கிலோமீட்டர் இறக்கத்தில் எத்தனை பிரேக் போட்டிருப்பார்!

ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

5.22க்குக் கீழ் செக்போஸ்ட். காவலாளி வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கம்பத்தைத் தூக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமா எங்கேயும் நிறுத்தவில்லை. டீ குடிக்கக்கூட. மீதி இரண்டு நாள் பயணத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, நூற்று நாற்பது கிலோமீட்டர் ஒரே மூச்சாக ஓட்டினார். வீட்டு வாசலில் நின்றபோது மணி 9.35.

கதவைத் தாழ் போட்டு, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து மாமா சொன்னார்.

"நீ ஏறினது தெரிஞ்சுது. வண்டி அமுங்கிச்சு. மூணு தட்டு விழுந்துச்சு. பைல கை வந்துச்சு. கிளம்பிட்டேன். குளிருதானு கேட்டேன். ரெண்டு தட்டு. இல்லையாம். மூணு நாளா குளிர் குளிர்னு என் உயிரை எடுத்தவ இப்படிச் சொல்றாளேன்னு நினைச்சேன். கோவமானு கேட்டேன்..."

"அதுக்கு?"

"ஒரு தட்டு."

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன் 4.17க்கு ஒளிர்ந்திருக்கிறது. திரையில் அக்காவின் போட்டோ. பையில் கிடக்கிற போன் தானாக அழுந்தியிருக்கும் என்று நினைத்தாராம். 4.21க்கு மறுபடியும். அப்போதுதான் கவனித்தார். போனை அவளது இடது பையில் வைத்து ஜிப் போட்டது அவரேதான். கையுறை போட்ட இரண்டு கையும் இவர் பையில் இருக்கும்போது...

குனிந்து பார்த்தார்.

கையுறை இல்லை.

"நிறுத்தத் தைரியம் வரலம்மா. ஓட்டிக்கிட்டே இருந்தேன். மூணாவது தடவை நீ கூப்பிட்டப்போ கண்ணை மூடிக்கிட்டு கட் பண்ணேன், பிரேக் போட்டேன். கை வெளிய போச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. சீட் மட்டும் ஈரம்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். திரும்பி வந்துட்டீங்க இல்ல, அது போதும் என்று அக்கா சொன்னாள். ஒன்பது வருஷமாக அவள் மனதில் கிடந்த உறுத்தல் அன்றைக்குப் போய்விட்டதாம். மாமா கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீ ஏறினப்போ எத்தனை தட்டு தட்டின?"

"மூணு. ஏன்?"

"எனக்கு ஆறு விழுந்த மாதிரி இருந்துச்சு. பதட்டத்துல தப்பா எண்ணியிருப்பேன்."

மறுநாள் காலை மணி 10.10. மாமாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மாமா ஸ்பீக்கரில் போட்டார். கீழ் செக்போஸ்ட் காவலாளி.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நேத்து தலை எண்ணிக்கை ஒத்துவரல. மேல உங்க வண்டிக்கு ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. நான் மூணுன்னு எழுதியிருக்கேன். வழியில யாரை ஏத்திக்கிட்டீங்க?"

"யாரையும் ஏத்தலையே."

"சார், நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். நீங்க டேங்க் மேல ஏறி உக்காந்து ஓட்டிட்டு வந்தீங்க. கடைசில ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா. நடுவுல இன்னொரு அம்மா. தலையில துணி. உங்க பைல கையை விட்டுக்கிட்டு... பின்னாடி இருந்தவங்க அவங்களை இறுக்கிக் கட்டிப் பிடிச்சிருந்தாங்க. குளிர்ல தவிச்சவங்களை ஏத்திட்டு வரீங்க போலன்னுதான் நான் ஒண்ணும் சொல்லல."



அக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மேல ஆள் யாரும் மாட்டிக்கலன்னு தெரிஞ்சா போதும். அவங்களை எந்த இடத்துல இறக்கி விட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

செக்போஸ்ட்டைத் தாண்டிய பிறகு அந்த வண்டி நின்றது ஒரே ஒரு இடத்தில்தான். அவர்கள் வீட்டு வாசலில்.