பாறையில் சாக்கு விரித்தவள்

சின்னம்மா வேதம் வாசித்த அந்த விடியற்காலையில் அவருடைய குரல் நடுங்கவேயில்லை. அவருடைய கணவர், எங்கள் சித்தப்பா, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அம்மா சுவரில் தலையை மோதி அழுதுகொண்டிருந்தார். செப நேரம் ஆனதும் அப்பா வேதத்தைத் திறந்தார். அன்று வாசிக்கும் முறை சின்னம்மாவுடையது. அவர் விளக்கருகே வந்து உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டு ஒழுங்கு அப்படி. ஒரு அதிகாரமும் விடாமல், ஆளுக்கொரு நாளாய், தொடக்கத்திலிருந்து கடைசிவரை போகவேண்டும். வெட்டும் குத்தும் தூக்கும் தீவைப்பும் எல்லாம் வரும். பாதிரியாரே பள்ளியில் தாண்டிவிடும் இடங்களையும் நாங்கள் காலைக் கஞ்சிக்கு முன்னமே கேட்டுவிடுவோம். அம்மா ஒருமுறை ஒரு கொடிய பகுதியை விடப் பார்த்தபோது, "வேதம் என்ன சுன்னாகம் சந்தையே, நல்லதாப் பாத்துப் பொறுக்க?" என்று அப்பா கேட்டார். அன்பான கடவுளுக்கு இத்தனை இரத்தத்துக்குள் என்ன வேலை என்று எனக்குக் கேள்வி இருந்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்தவள், கேட்டிருக்கலாம். கேட்டால் செபம் இன்னும் நீளும் என்பதால் விட்டுவிட்டேன்.

சித்தப்பாவைக் கொன்ற சண்டை வேலியால் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால் தடிகளை எங்கள் பக்கம் ஒரு சாண் உள்ளே தள்ளி நடுகிறார்கள் என்று சித்தப்பா சொல்வார். அவர்களும் சித்தப்பாவைப் பற்றி அதையேதான் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். முந்திய நாள் பின்னேரம் சித்தப்பா புதுக் கதியால்களைப் பிடுங்கி எறிந்தார். அந்த வீட்டு இளைய மகன் கத்தியோடு வந்தான். சித்தப்பாவிடமும் கத்தி இருந்தது. நாங்கள் ஓடிப்போனபோது சித்தப்பா வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றார், விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. அவன் கழுத்தில் வெட்டுண்டு புகையிலைக் கன்றுகளின் மேல் கிடந்தான். வாய் கொஞ்ச நேரம் அசைந்து நின்றது.

சித்தப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். மரண விசாரணைக்காரர் வரும்வரை அவனுடைய பிணத்தைத் தொடக்கூடாது என்று ஊர் அதிகாரியான விதானையார் சொல்லிவிட்டுப் போனார். பொலிசுக்குப் பயந்து அவன் பக்கத்து ஆண்கள் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். தாய் மட்டும் பிணத்தோடு இருந்தாள். அவள் நாய்களை விரட்டும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. "இழுத்துக்கொண்டு போகட்டும்" என்றார் என் அண்ணை. அவனுடைய தமையன் எப்படியும் தாயைத் தேடி வருவான், வந்ததும் வெட்டுவது என்று கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். அப்பா அவரைத் தடுக்கவில்லை. எனக்கும் அந்தத் தமையன் சாகவேண்டும் என்றுதான் இருந்தது.

அன்று வந்த அதிகாரமும் பழி தீர்ப்பதுதான். பழைய கொலைகளுக்கு ஈடாக ஒரு அரசன் ஏழு ஆண்களைப் பிடித்துக் கொடுக்கிறான். மலையில் தூக்குகிறார்கள். அவர்களில் இருவரைப் பெற்றவள் பாறையில் சாக்கை விரித்து இருக்கிறாள். அறுப்புத் தொடங்கியதிலிருந்து மழை விழும்வரை, பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் பிள்ளைகளிடம் அண்ட விடவில்லை. அந்த இடத்தில் சின்னம்மா நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதிகாரத்தின் நடுவில் நிறுத்தியதில்லை.

"விடிஞ்சிட்டுது. இனிக் காகம் வரும்" என்றார். "அவள் ஒருத்தியாலை ஏலாது."

மூலையில் கிடந்த வெறுஞ்சாக்கை எடுத்துக்கொண்டு எழும்பினார். அண்ணை வாசலை மறித்தார்.

"உங்கடை தாலியை அறுத்தவன் சின்னம்மா அவன்."

"ஓம் தம்பி, தெரியும். விலகு."

நான் பின்னால் போனேன். எங்களைக் கண்டதும் அந்தத் தாய் ஒரு கல்லைத் தூக்கினாள். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. சின்னம்மா அந்தக் கல்லைப் பார்க்காதவர்போலப் பிணத்துக்கு மறுபக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

"நீ அங்காலை பார். நான் இங்காலை பாக்கிறன்."

அந்தத் தாய் கல்லைக் காகத்துக்கு எறிந்தாள்.

வெயில் ஏறியபோது தமையன் பனங்கூடலுக்குள்ளிருந்து வெளியே வந்தான். அண்ணை கத்தியோடு வேலியைத் தாண்டினார். சின்னம்மா எழும்பாமலே அண்ணையைப் பார்த்து, "பெடியன்ரை முகத்திலை வெயில் படுது. ஒரு ஓலை வெட்டிக்கொண்டு வா" என்றார்.

அண்ணை தமையனைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார். பிறகு இளம்பனை வடலிப் பக்கம் போய் ஓலை வெட்டினார். அதைத் தமையன் வாங்கித் தம்பியின் முகத்துக்கு மேலே பிடித்தான்.

இப்போது எங்கள் ஆலயத்தில் இப்படியான அதிகாரங்களை வாசிப்பதில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்கிறார்கள். பயப்படத்தான் வேண்டும். அவற்றைத் தாண்டினால் பாறையில் இருந்தவளையும் அல்லவா தாண்டிவிடுகிறோம் என்று எனக்குக் கோபம் வருகிறது.

அன்று பின்னேரம் விசாரணைக்காரர் அந்தப் பிணத்தைக் கொண்டுபோக விட்டார். சித்தப்பாவின் உடலும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. முற்றத்தில் கூடியிருந்த எங்கள் சனம் திடீரென்று அழுகையை நிறுத்தி வழிவிட்டது. மகனுடைய இரத்தம் காய்ந்த சேலையோடு அந்தத் தாய் வந்தாள். சின்னம்மா பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் சித்தப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் மகனைக் கொன்றவரின் முகத்தில் மொய்த்த ஈக்களை முந்தானையால் விரட்டத் தொடங்கினாள்.