ஒயில் காக்காவின் பரல்கள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மௌத்துச் செய்தி, பாண்டிருப்பில் என் கராஜ் வரை கேட்டது. 'இஸ்மாயில் லெப்பையின் மகன் சாலிஹ்' என்றார்கள். இறந்தது யாரோ ஒருவர் என்று நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்சம் தயங்கி, அண்ணன் முறை வைத்து ஊரே அழைத்த பெயரையும், 'ஒயில் காக்கா' என்று சேர்த்தார்கள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

உங்களில் பலருக்கு அவர்மேல் வீசிய ஒயில் மணம்தான் முதலில் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஒயில் கம்பனி ஒன்று, தான் விற்ற ஒயிலை, எஞ்சினில் ஓடிக் கறுத்த பிறகு தன் செலவிலேயே திரும்ப எடுத்துச் சுத்திகரிக்கப்போவதாகச் சொன்னது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை அதைச் சேர்த்துவைக்கும் வேலை காக்காவுக்குக் கிடைத்தது. மாதாமாதம் லொறி வந்து ஏற்றிப்போகும். அதுவரை கராஜ்காரர் நாங்கள் எல்லோரும் தெருவோரக் கழிவுநீர்க் கானில்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் மாட்டுக்கரத்தையில் பீப்பாய் போன்ற தகரப் பரல்களோடு வந்து நின்றார்.

"என்ன காக்கா, ஊத்தையிலயும் வியாபாரமா?" என்று கேட்டேன்.

"வியாபாரமில்ல தம்பி. கான் வயலுக்குத்தான் போகுது. நீங்க ஊத்துறத நாமதான் சோத்தோட திங்கிறம்."

வாங்கி ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு, "இனி இது அமானிதம்" என்றார். நம்பி ஒப்படைத்த நகைக்கும் காணிக்கும் சொல்லும் சொல் அது. எரிந்த ஒயிலுக்கு அதைச் சொன்னதும் நான் வயிறு நோகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்தால் வாங்குப் பலகையில் இடம் தாராளமாகிவிடும். அதைக் கவனியாதவர்போலக் குடித்துவிட்டுப் போவார். நாளடைவில் கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே நின்றே குடிக்கப் பழகிவிட்டார்.

சண்டையும் பிரச்சினைகளும் தொடங்கி வீதிகள் அடைபட்டபோது லொறி நின்றது. பரல்கள் வீட்டு வளவில் நிறைந்தன. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. காக்காவின் மனைவி, எங்களுக்கு ராத்தா, ஒருநாள் பொறுமை இழந்து சத்தம் போட்டார். மறுநாள் காக்கா பரல்களைக் கரத்தையில் ஏற்றிக் கடற்கரைத் தோட்டமொன்றுக்குக் கொண்டுபோனார். பாயையும் தலையணையையும் கூடவே கொண்டுபோனார். அங்கே பரல்களுக்குப் போட்ட தென்னோலைக் கிடுகுக் கூரை அவருடைய கொட்டிலின் கூரையைவிட நன்றாக இருந்தது.

வினாயகபுரத்து மீனவர் ஒருவர் தோணிக்குப் பூசக் கொஞ்சம் கேட்டு வந்தபோது நானும் அங்கிருந்தேன்.

"சும்மாதானே கிடக்குது காக்கா?"

"எண்ட சாமானெண்டா முழுசாத் தந்திருவன். இது கம்பனிட."

வீதி திறந்த ஒரு இடைவெளியில் கொழும்புக்கும் போய்வந்தார். அந்தக் கம்பனிக் கந்தோரில் வேறு பெயர்ப்பலகை தொங்கியதாம். "ஆக்கள் மாறியிருக்காங்க. ஆனா வேணாமெண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பனி மறந்திட்டுது காக்கா! ஊத்திப்போட்டு வீட்ட போங்க."

"மறந்தது அவங்க. வாங்கினது நான்."

பிறகு, "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன் தம்பி" என்றார். நான் இருந்தேன். ஒழுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு பரலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே என்னோடு கதைத்தார். மற்ற நாட்களில் அந்த வளவில் அந்தத் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ராத்தா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தார்.

"ஒவ்வொரு நாளும் பகலுக்குச் சோறனுப்பினன் தம்பி. சோத்துக் கோப்பை கழுவித் திரும்பி வரும். மனிசன் வரல்ல. நான் போகச் சொன்னது பரலைத்தானே?"

அவர் குரல் மறுபடி கேட்டது.

"அந்தப் பரலுகள இனி என்ன செய்யிற?"

அவற்றை என் கராஜுக்குப் பின்னால் கொண்டுவந்து அடுக்கிக் கிடுகு வேய்ந்திருக்கிறேன். என் வீட்டிலும் சத்தம் தொடங்கிவிட்டது. காக்காவை அறிந்தவர்களே, கொழும்பிலிருந்து யாராவது லொறி கொண்டுவந்து அவரைக் கேட்டால் பாண்டிருப்புக்கு அனுப்பிவிடுங்கள். அமானிதம் என்னிடம் இருக்கிறது.