நான் ஒட்டிய டேப்

தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் ஓடிவருகிறவளுக்காக, நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தடத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டி வைப்போம். அவள் கால் அந்த டேப்பைத் தொட்டதும் நான் பாய வேண்டும். பாய்ந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. "கை!" என்று அவள் கத்தினால் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், பேட்டன் குச்சி வந்து விழும். அதற்கென்று கோடு போட்ட எல்லை இருக்கிறது. அதைத் தாண்டி வாங்கினால் அணியே அவுட்.

மாநிலத்தில் என்னை முந்த ஆளில்லாத காலத்தில் அந்த டேப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பெற்று, பால் மறக்கடித்து நான் மைதானத்துக்குத் திரும்பியதும் எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. முகப்பேரில் எங்கள் பிளாக்கின் கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் மறிப்பார்.

"இன்னாமே, கொயந்தைய ஊட்ல உட்டுட்டு டவுசர் மாட்டிகினு எங்க கெளம்பிட்ட?"

"ஓடத்தான்கா. நீங்களும் வரீங்களா?"

குழந்தை அதன் அப்பாவிடம் சோறு தின்றுகொண்டிருக்கும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. எரிச்சலாக வரும். மண்ணூர்பேட்டையில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகிய கால் இது, இந்தப் பேச்சுக்கா நிற்கும்?

பயிற்சியாளரும் விடவில்லை. மாநிலப் போட்டிக்கு முந்தின பயிற்சியில் என் டேப்பைப் பிய்த்து, இன்னும் பின்னால் தள்ளி ஒட்டினார்.

"அவ தூரத்துல வரும்போதே நீ கெளம்பிடும்மா. உனக்கு இப்ப வேகம் புடிக்க நேரமாவுது. இந்தத் தடவ பாப்போம். சரிவரலன்னா கடைசி ஓட்டத்த சின்னப் பொண்ணுக்குக் குடுத்துடறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த டேப்பைப் பார்த்துக் கிளம்பி என் வேகத்தில் ஓடினால், அவள் எட்டுவதற்குள் நான் வெறுங்கையோடு எல்லையைத் தாண்டிவிடுவேன். பேட்டன் வேண்டுமென்றால் காலைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஓடினால், "பாத்தியா, சொன்னேன்ல" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கென்று இருந்தது அந்தக் கடைசி ஓட்டம்தான். அதை விடுவதாக இல்லை.

அந்தச் சின்னப் பெண்தான் எனக்குப் பேட்டன் கொண்டுவருகிறவள். திருமழிசைக்காரி. போட்டியன்று உடம்பைச் சூடேற்றும்போது அவளைத் தனியாக இழுத்தேன்.

"டேப்பு பழைய எடத்துலதான் இருக்கும். பயப்படாம வா."

"ஐயோ அக்கா! நீங்க ஸ்லோவா கெளம்பி நான் மோதிகினேன்னா?"

"மோது. அன்னியோட நான் ஒதுங்கிக்கிறேன். கடைசி ஓட்டம் ஒனக்குத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். ஆசை யாருக்குத்தான் இல்லை? "எனக்கு அப்டி ஒண்ணும் வேணாங்கா" என்று சொல்லிவிட்டு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள்.

போட்டியில் அவரவர் டேப்பை அவரவர்தான் ஒட்ட வேண்டும். பயிற்சியாளர் கேலரியில் இருந்தார். நான் குந்தி, பிள்ளை பிறக்கும் முன் எங்கே ஒட்டுவேனோ அங்கேயே ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன்.

வெடி வெடித்தது. கடைசி வளைவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். எங்களுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். டேப்பில் கால் பட்டது, பாய்ந்தேன். முதுகெல்லாம் பயம். இதோ மோதப் போகிறாள், இதோ மோதப் போகிறாள் என்று நெஞ்சு அடித்தது. மோதவில்லை.

"கை!"

நீட்டினேன். எல்லைக்கு உள்ளேயே உள்ளங்கையில் பளாரென்று விழுந்தது. அப்புறம் என்னடி, வா! முன்னால் போனவளைப் பாதி வழியில் பிடித்தேன். கோட்டை முதலில் தாண்டியது நான்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்தேன். சின்னப் பெண் என்மேல் விழுந்து அழுதாள். பயிற்சியாளர் இறங்கி வந்து தடத்தில் அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேப்ப மாத்திட்டியாம்மா?"

"நான் மாத்தல சார். மாத்துனது நீங்க."